வியாழன் மதியமே தொடங்கும் வலென்சியாவின் வார இறுதி

ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பிரான்ஸிலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் இப்போது சின்னக் கிராமங்களிலும் இருக்கின்றன. மகளின் பேறுகாலத்துக்கு என்றோ, பேரப்பிள்ளையோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்றோ பெற்றோர் விமானம் ஏறுகிறார்கள். அங்கே போனபின் வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்கு வேலை. சனி, ஞாயிறு வந்தால் 'எந்த ஊருக்குப் போகலாம்?' என்ற பேச்சு எழும். பாரீஸ், ரோம் என்று பட்டியல் நீளும். கோபுரமும் அரண்மனையும் பார்க்க வேண்டியவைதான். ஆனால், காலமெல்லாம் வயலில் நின்றவர்களுக்கு இரண்டாவது அரண்மனையிலேயே அலுப்பு வந்துவிடும்.

விவசாயக் குடும்பம் பார்க்க வேண்டிய ஓர் ஐரோப்பிய நகரம் ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அதன் பெயர் வலென்சியா. மத்தியதரைக் கடலோரம் அமைந்த, அந்த நாட்டின் மூன்றாவது பெரிய நகரம். ஊரைச் சுற்றி ஆயிரம் ஆண்டு பழமையான வாய்க்கால்கள், தெற்கே நெல் வயல், வடக்கே கிழங்கு வயல், அதைத் தாண்டி ஆரஞ்சுத் தோப்புகள். நகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் ஏறினாலே வயலுக்குப் போய்விடலாம்.

எந்த நாள், எந்த மாதம்?

பலரும் செய்வதுபோல வெள்ளி இரவு வந்து ஞாயிறு இரவு திரும்பினால், வலென்சியாவின் முக்கியமான காட்சி கைநழுவிப் போகும். அது வியாழக்கிழமை மதியம் 12 மணிக்கு நடப்பது. ஆகவே பிள்ளைகள் வியாழன், வெள்ளி இரண்டு நாள் விடுப்பு எடுக்கும்படி திட்டமிடுவது நல்லது. புதன் இரவே வந்து சேர்ந்துவிட்டால் அவசரம் இருக்காது.

மாதத்தைப் பயிரை வைத்து முடிவு செய்யலாம். ஏப்ரலில் ஆரஞ்சு பூக்கும். ஊர்ப்புறம் முழுவதும் அந்த மணம்தான். மே மாதம் நெல் விதைப்பு. செப்டம்பரில் அறுவடை. நவம்பர் முதல் ஜனவரி வரை மரத்தில் ஆரஞ்சுப் பழமும், வயலில் தேங்கிய தண்ணீரில் வலசைப் பறவைகளும் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் அதிகம். சுற்றுலாக் கூட்டமும் அதிகம். மார்ச் 15 முதல் 19 வரை 'ஃபாயாஸ்' திருவிழா. தெருத்தெருவாகப் பிரமாண்டமான பொம்மைகளை நிறுத்தி, கடைசி இரவில் கொளுத்துவார்கள். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா. வெடிச் சத்தம் தாங்காதவர்களும், கைச்செலவு பார்ப்பவர்களும் அந்த வாரத்தைத் தவிர்ப்பதே நல்லது. அறை வாடகை ஏறிவிடும்.

இலையுதிர் காலத்தில், குறிப்பாக செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் பெருமழை இந்தக் கரையில் வருவதுண்டு. அந்த மாதங்களில் போகிறவர்கள் காலையில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்ப வேண்டும். ஏன் என்பதை ஞாயிற்றுக்கிழமைப் பகுதியில் பார்க்கலாம்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு மெட்ரோ ரயில் உண்டு. மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பழைய 'நோர்த்' ரயில் நிலையத்தின் முகப்பை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். 1917-ல் திறந்த கட்டடம். சுவரெங்கும் ஆரஞ்சுப் பழமும் பூவும் பீங்கானில் செய்து பதித்திருக்கிறார்கள். ஊருக்குச் சோறு போட்ட பயிரை ரயில் நிலையத்தின் நெற்றியில் வைத்திருக்கிறார்கள்.

வியாழன்: கோயில் வாசலில் தண்ணீர் வழக்கு

நகரின் நடுவே பேராலயம். அதன் ஒரு வாசலுக்கு 'அப்போஸ்தலர் வாசல்' என்று பெயர். வியாழன் மதியம் அந்த வாசலில் வட்டமாக நாற்காலிகள் போட்டு, இரும்புக் கிராதி வைத்துவிடுவார்கள். 12 மணி அடித்ததும் கறுப்பு மேலங்கி அணிந்த எட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். அந்த மேலங்கி நீதிபதியின் அங்கி கிடையாது. பழைய காலத்து விவசாயி போட்ட சட்டை. இவர்களில் ஒருவரும் சட்டம் படித்து வந்தவர் என்பதற்காக உட்காரவில்லை. எட்டு வாய்க்கால்களின் பாசனதாரர்கள், தங்களுக்குள் நேர்மையானவர் என்று பெயரெடுத்த விவசாயியைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகள்.

இதுதான் வலென்சியாவின் 'நீர் நீதிமன்றம்'. துரியா ஆற்றிலிருந்து பிரியும் குவார்த், பெனாகெர்-ஃபைத்தனார், மிஸ்லாத்தா, ஃபவாரா, ரொவெய்யா, தோர்மோஸ், மெஸ்தாயா, ரஸ்கான்யா ஆகிய வாய்க்கால்களின் வழக்குகள் இங்கே வரும். கால்பந்து பார்க்கும் இளைஞர்களுக்கு மெஸ்தாயா என்ற பெயர் தெரிந்திருக்கும். வலென்சியா அணியின் மைதானத்துக்கு அந்தப் பெயர் வந்ததே பக்கத்தில் ஓடிய வாய்க்காலால்தான்.

கையில் பித்தளைக் கொக்கி வைத்த கோலுடன் ஒரு சேவகர் எழுந்து, ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, அந்த வாய்க்காலில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரலாம் என்று உரக்கக் கூப்பிடுவார். முறை இல்லாத நேரத்தில் மடை திறந்தது, கரையை உடைத்தது, தன் பங்கு வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டது, அளவுக்கு மேல் தண்ணீர் விட்டு அடுத்தவர் வயலை மூழ்கடித்தது என்று வழக்குகள் எல்லாமே எந்த ஊர் விவசாயிக்கும் தெரிந்த வழக்குகள்தான். வக்கீல் கிடையாது. மனு கிடையாது. வழக்கு தொடுத்தவரும் எதிராளியும் தங்கள் வாயாலேயே, அந்த ஊர் மொழியான வலென்சியனில் பேச வேண்டும். தேவைப்பட்டால் சாட்சியை விசாரிப்பார்கள்; இடத்தைப் போய்ப் பார்ப்பார்கள். தீர்ப்பு அங்கேயே சொல்லப்படும். அபராதம், நஷ்டஈடு. மேல்முறையீடு இல்லை.

நடுநிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. எந்த வாய்க்காலில் வழக்கு வந்ததோ, அந்த வாய்க்காலின் பிரதிநிதி அதில் தீர்ப்பு சொல்ல மாட்டார். ஆற்றின் இடது கரைக்காரர்மேல் வழக்கு என்றால் வலது கரைப் பிரதிநிதிகளும், வலது கரைக்காரர்மேல் என்றால் இடது கரைப் பிரதிநிதிகளும்தான் தீர்ப்பை முன்மொழிவார்கள். சொந்தக்காரன், பங்காளி, அண்டைவயல்காரன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அரபு முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலேயே, கி.பி. 960 வாக்கில் இந்த மன்றம் உருவானது என்பது ஊரின் மரபு. 1960-ல் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். 1238-ல் கிறிஸ்தவ அரசன் முதலாம் ஜாவ்மே ஊரைப் பிடித்தபோது, வாய்க்கால் முறையில் கைவைக்காமல் அப்படியே விட்டுவிட்டான். பேராலயம் இருக்கும் இடத்தில் முன்பு மசூதி இருந்தது. வெள்ளி தொழுகை நாள் என்பதால் முதல் நாளான வியாழனில் மன்றம் கூடியது என்றும், மசூதி ஆலயமான பிறகு உள்ளே வர முடியாத முஸ்லிம் விவசாயிகளுக்காக வாசலிலேயே நடந்தது என்றும் சொல்வார்கள். இன்றைய ஸ்பெயின் அரசியல் சட்டமும் இதுபோன்ற மரபு நீதிமன்றங்களை ஏற்கிறது. 2009-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

போகிறவர்கள் ஒன்றை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வாரங்களில் வழக்கே வராது. எட்டுப் பெயரையும் கூப்பிட்டு, யாரும் வராததால் சில நிமிடங்களில் எழுந்துவிடுவார்கள். 'இதற்கா இரண்டு நாள் லீவு போட்டோம்?' என்று இளைய தலைமுறைக்குத் தோன்றலாம். வழக்கு இல்லாததுதான் அந்த மன்றத்தின் சாதனை என்பதைத் தண்ணீருக்காகச் சண்டை போட்ட அனுபவம் உள்ளவர்கள் எடுத்துச் சொல்லலாம். வியாழன் ஊருக்கு விடுமுறையாக அமைந்தால் நாள் மாறும். கிறிஸ்துமஸ் சமயத்தில் மன்றம் கூடாது. 11.30-க்கே போய் நின்றால்தான் முன்வரிசையில் பார்க்க முடியும்.

பங்கீட்டு முறையும் எளிமையானது. இத்தனை கன அடி என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆற்றில் வருவதில் இத்தனை பங்கு என்பதே கணக்கு. வாய்க்கால் பிரியும் இடத்தில் கல்லால் ஒரு 'நாக்கு' கட்டியிருப்பார்கள்; வருகிற தண்ணீரை அது விகிதப்படி இரண்டாகக் கிழிக்கும். ஆறு பெருகினால் எல்லோருக்கும் பெருகும்; வற்றினால் எல்லோருக்கும் குறையும். வறட்சி முற்றினால் முறை வைத்து விடுவார்கள். இப்போது ஆற்றின் மேலே அணைகள் உண்டு. சுத்திகரித்த நகரக் கழிவுநீரும் பாசனத்துக்கு வருகிறது. ஆனாலும் பங்கு, பங்குதான்.

மன்றம் கலைந்ததும் பக்கத்து 'கன்னி மரியாள் சதுக்க'த்துக்கு நடக்கலாம். அங்கே ஒரு நீரூற்று. நடுவில் சாய்ந்து படுத்திருக்கும் ஆண் உருவம் துரியா ஆறு. சுற்றி நிற்கும் எட்டுப் பெண்கள் எட்டு வாய்க்கால்கள்.

வெள்ளி: சந்தையும், கோரைக்கிழங்குப் பாலும்

காலையில் மத்தியச் சந்தை. 1928-ல் திறந்தது. இரும்பும் கண்ணாடியும் பீங்கானுமாக, 8,000 சதுர மீட்டருக்கு மேல் பரந்த கூரை. அதாவது இரண்டு ஏக்கர் பரப்பில் காய், பழம், மீன், இறைச்சி. காலை 7.30 முதல் பிற்பகல் 3 வரை. ஞாயிறு மூடியிருக்கும். ஊர்ப்புற வயலில் விளைந்ததைத் தனியாக எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பலகைக்குக் கூடுதல் விலையும் கிடைக்கிறது. நகருக்கு வெளியே உள்ள மொத்தச் சந்தையில், சுற்றுவட்டார விவசாயிகள் தாங்கள் விளைவித்ததை விடியுமுன் தாங்களே நேரடியாக விற்கும் தனிப் பகுதி உண்டு. 'தீரா தெ கொந்தார்' என்று பெயர். ஜாவ்மே அரசன் காலத்திலிருந்து வரும் உரிமை. உழவர் சந்தைக்குப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சந்தைக்கு எதிரே 'லோன்ஹா' என்ற பட்டு வணிக மாளிகை. 1482-ல் கட்டத் தொடங்கியது. 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. முறுக்கிய கயிறு போன்ற கல்தூண்கள். சுவரைச் சுற்றி மேலே லத்தீனில் எழுதியிருப்பதன் சாரம்: வியாபாரத்தில் பொய் சொல்லாதவனும், அயலானுக்குக் கொடுத்த வாக்கை மீறாதவனும், வட்டிக்குக் கொடுக்காதவனுமே செழிப்பான். விளைபொருளை விற்றுவிட்டுப் பணத்துக்கு அலைந்தவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டிய எழுத்து. ஞாயிறு அனுமதி இலவசம் என்பதால் இதை அன்றைக்கும் தள்ளிவைக்கலாம்.

முழங்கால் ஒத்துழைத்தால் பேராலயத்தின் மிகெலெத்தே மணிக்கூண்டில் ஏறலாம். 207 படிகள். குறுகிய சுழல் படி. கைப்பிடிக்க இடம் குறைவு. மேலே நின்றால் நகரத்தின் விளிம்பும் பச்சை வயலும் முட்டும் இடம் தெரியும்.

மதியம் கடைகள் பல 2 மணிக்கு மூடி 5 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் சாப்பாடும் ஓய்வும். மாலையில் மூன்றாம் எண் மெட்ரோவில் ஏறினால் சிறிது நேரத்தில் அல்போராயா. இறங்கி நடந்தால் மணற்பாங்கான வயல்களில் பார்வைக்குக் கோரைப்புல் போலவே ஒரு பயிர், பார் பிடித்து, வரிசையாக, களையெடுத்து வளர்க்கப்பட்டிருக்கும். அது கோரைதான். பெயர் 'சூஃபா'. வயலில் முத்தக்காசுக் கோரையோடு மல்லுக்கட்டும் விவசாயி சிரிக்கலாம். இது அதே பேரினத்தில் வேறு இனம். கிழங்கு இனிப்பாக இருக்கும். வசந்தத்தில் நட்டு, இலை காய்ந்ததும் மேலே எரித்துவிட்டு, குளிர்காலத் தொடக்கத்தில் மண்ணோடு வாரிச் சலித்து எடுக்கிறார்கள். சுமார் மூன்று மாதம் நிழலில் பரப்பி, கிளறிக் கிளறிக் காயவைக்கிறார்கள்.

காய்ந்த கிழங்கை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்தால் 'ஓர்ச்சாட்டா'. பார்க்கப் பால்போல இருக்கும்; பால் ஒரு சொட்டும் இல்லை. நீளமான மென்மையான ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது வழக்கம். வலென்சியாச் சூஃபாவுக்குப் புவிசார் குறியீடு போன்ற பாதுகாப்பு உண்டு; குறிப்பிட்ட ஊர்களின் வயலில் விளைந்தது மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். ஒரு களையின் உறவுக்காரப் பயிரை ஓர் ஊர் தன் அடையாளமாக்கி, கடைவரை தானே கொண்டுபோய் விற்றுப் பிழைக்கிறது. இங்கே பார்க்க வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான். கிழங்கைப் பையில் போட்டு எடுத்துவந்து ஊரில் நட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் கூடாது. உலகின் பல இடங்களில் இதுவே அடங்காத களையாகத் திரிகிறது.

சனி: ஏரிக்கரை நெல்

நகரிலிருந்து 24-ஆம் எண் பேருந்து தெற்கே எல் பால்மார் என்ற சிற்றூருக்குப் போகிறது. பைன் மரக்காடும் மணல்திட்டும் ஒரு பக்கம். மறுபக்கம் அல்புஃபேரா ஏரி. 'சிறு கடல்' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். சுற்றிலும் நெல் வயல். ஏரியும் வயலும் சேர்ந்து 1986 முதல் 21,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட இயற்கைப் பூங்கா.

இந்த வயல்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. ஏழை விவசாயிகள் படகில் மண் சுமந்து கொட்டி, ஏரியை மேடாக்கி வயலாக்கினார்கள். விசென்தே பிளாஸ்கோ இபான்யெஸ் 1902-ல் எழுதிய 'நாணலும் சேறும்' என்ற பொருள்படும் நாவல் இந்த மக்களின் கதைதான். அதற்கு முன் இடைக்காலத்தில் நகரையொட்டி நெல் பயிரிடவே தடைகள் இருந்தன. தேங்கிய நீரில் மலேரியா வந்தது காரணம்.

இன்றைய சாகுபடி முறை இப்படி: ஏப்ரல் கடைசியில், மே மாதத்தில் வயலில் தண்ணீர் விட்டு, ஊறவைத்து முளைகட்டிய விதையை நேரடியாகத் தண்ணீரில் விதைக்கிறார்கள். கை நடவு சில தலைமுறைக்கு முன்பே நின்றுவிட்டது. செப்டம்பரில் இயந்திர அறுவடை. நவம்பரில் மறுபடி வயலில் தண்ணீர் கட்டி, குளிர்காலம் முழுக்கப் பறவைகளுக்கு விடுகிறார்கள். கடலுக்குப் போகும் வாய்களில் உள்ள மதகுகள்தான் ஏரியின் மட்டத்தை முடிவு செய்கின்றன. மீனவருக்கு ஒரு மட்டம் வேண்டும், நெல்காரருக்கு ஒரு மட்டம், பறவை ஆர்வலருக்கு இன்னொரு மட்டம். வைக்கோல் பிரச்னை இங்கும் உண்டு. எரித்தால் நகருக்குள் புகை. எரிக்காமல் தண்ணீரில் விட்டால் அழுகி, மீன் சாகும்.

எல் பால்மாரில் சில யூரோ கொடுத்தால் தட்டையான படகில் ஏரியைச் சுற்றிக் காட்டுவார்கள். சூரியன் மறையும் நேரம் அழகு. ஏரியில் நிலையான மீன்பிடி இடங்களை மீனவர்கள் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்கிறார்கள். வலுத்தவனுக்கே நல்ல இடம் என்று ஆகாமலிருக்க இந்த ஏற்பாடு.

மதியச் சாப்பாடு 'பயேயா'. அந்தப் பெயர் சோற்றுக்கு உரியதல்ல, அகன்ற தட்டைச் சட்டிக்கு உரியது. கோழி, முயல், பட்டை பீன்ஸ், பெரிய வெள்ளை மொச்சை, குங்குமப்பூ. ஆரஞ்சு விறகில் சமைப்பதே சிறப்பு என்பார்கள். அரிசி போட்டபின் கிளறவே கூடாது. அடியில் பிடித்த காந்தலுக்குத்தான் போட்டி. குண்டு அரிசி, சாற்றை உறிஞ்சும், குழையாது. நத்தை சேர்ப்பவர்களும் உண்டு என்பதால் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். சைவர்கள் காய்கறிப் பயேயா கேட்கலாம். பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து செய்ய மாட்டார்கள். மதியம் 2 மணி வாக்கில் சாப்பிடும் உணவு இது; இரவுக்கு உள்ளூர்க்காரர்கள் தொடமாட்டார்கள்.

ஞாயிறு: ஆறு இல்லாத ஆற்றுப்படுகை

கடைசி நாளை நடைக்கு வைத்துக்கொள்ளலாம். நகரின் நடுவே சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பூங்கா. மேலே பழைய கல் பாலங்கள், கீழே தண்ணீருக்குப் பதில் மரங்களும் சைக்கிள் பாதையும் விளையாட்டுத் திடலும். குழந்தைகள் ஏறிச் சறுக்க, படுத்திருக்கும் ராட்சத கலிவர் பொம்மை உண்டு. கடல் பக்கம் போனால் சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்த வெள்ளை நிற அறிவியல் நகரம். இவ்வளவும் துரியா ஆற்றின் பழைய படுகைக்குள்.

1957 அக்டோபர் 14 அன்று துரியா விநாடிக்கு 3,700 கன மீட்டர், அதாவது சுமார் 1.3 லட்சம் கன அடி வேகத்தில் நகருக்குள் புகுந்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பினார்கள். புதிய தடம் விநாடிக்கு 5,000 கன மீட்டர், சுமார் 1.76 லட்சம் கன அடி தாங்கும்படி வெட்டப்பட்டது. செலவுக்காக ஊர் மக்கள் தபாலில் கூடுதல் வில்லை ஒட்டினார்கள். காலியான படுகையில் நெடுஞ்சாலை போட அரசு நினைத்தது. மக்கள் போராடிப் பூங்காவாக்கிக்கொண்டார்கள். புதிய தடத்துக்குப் போனது தெற்குப் பக்கத்து வாய்க்கால் பாசன வயல்கள்.

2024 அக்டோபர் 29 அன்று உள்நாட்டு மலைப்பகுதியில் மழை கொட்டியது. தூரிஸ் என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 77 சென்டிமீட்டர். புதிய தடம் நகரைக் காப்பாற்றியது. ஆனால் அதற்குத் தெற்கே, போயோ என்ற காட்டாறு பைபோர்த்தா, கதரோஹா முதலிய ஊர்களுக்குள் பாய்ந்தது. கைப்பேசி எச்சரிக்கை இரவு 8 மணிக்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் பல தெருக்கள் மூழ்கியிருந்தன. மாகாணத்தில் 220 பேருக்கு மேல் இறந்தார்கள். நெல் அறுவடை முடிந்திருந்தது. ஆரஞ்சுத் தோப்புகளும் வாய்க்கால்களும் சிதைந்தன. சேறும் குப்பையும் அல்புஃபேராவில் போய்ச் சேர்ந்தன. மறுநாள் முதல் நகர இளைஞர்கள் துடைப்பமும் மண்வெட்டியுமாகப் பாலம் கடந்து நடந்தார்கள். விவசாயிகள் டிராக்டரையும் பம்பையும் கொண்டுவந்து தெருவை அடைத்திருந்த கார்களையும் சேற்றையும் அகற்றினார்கள்.

பைபோர்த்தா பக்கம் போவதென்றால் துக்க வீட்டுக்குப் போவதுபோலப் போக வேண்டும். படம் எடுக்கப் போகக் கூடாது. நகரும் வயலும் எப்படி ஒன்றையொன்று நம்பியிருக்கின்றன என்பது அங்கே விளங்கும். தண்ணீர் விரிந்து ஓட இடம் தரும் வயலில் கட்டடம் எழும்பினால், தண்ணீர் அந்தக் கட்டடத்துக்குள் போகும்.

அந்த வயல்கள் குறைந்துகொண்டுதான் வந்திருக்கின்றன. இங்கே நில அளவு 'அனெகாடா'. 831 சதுர மீட்டர், ஏறத்தாழ இருபதரை சென்ட். சில அனெகாடா மட்டுமே வைத்திருக்கும் சிறு விவசாயிகள் நிறைய. பழ விலை கட்டுப்படியாகாமல் பறிக்காமலே விட்ட ஆரஞ்சுத் தோப்புகளை ரயில் சன்னலில் பார்க்கலாம். துறைமுகத்தை ஒட்டிய லா புந்தா பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் சரக்குக் கிடங்குகளுக்காக நிலம் எடுத்து வீடுகளை இடித்தார்கள். அந்த இடம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே கிடந்தது. அதன்பின் 2018-ல் இந்தப் பாசன வயல்களைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. 2019-ல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு இந்த நீர்ப்பாசன முறையை உலக வேளாண் மரபாக அறிவித்தது. சட்டமும் பட்டமும் இருந்தாலும், அப்பா ஓட்டிய கலப்பையை மகன் எடுப்பானா என்ற கேள்வி அங்கும் இருக்கிறது.

கிளம்புமுன் கவனிக்க

*விசா:* ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற ஷெங்கன் நாட்டின் விசாவில் போனவர்கள், அது செல்லுபடியாகும் வரை ஸ்பெயினுக்கும் போகலாம். 180 நாளில் 90 நாள்தான் கணக்கு. இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ இருப்பவர்கள் ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு அவசியம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாள்வரை தள்ளக் கூடாது.

*இரண்டே நாள்தான் என்றால்:* சனி காலை மத்தியச் சந்தை, பிறகு எல் பால்மாரில் சாப்பாடும் படகும். ஞாயிறு காலை லோன்ஹா, ஆற்றுப்படுகைப் பூங்கா, மாலையில் அல்போராயா.

*உள்ளே கொண்டுபோகக் கூடாதவை:* ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய், பால்கோவா உட்படப் பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுபோகத் தடை. அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியன் தவிர மற்ற பழம், காய், இலை, விதை எதற்கும் தாவர நலச் சான்று வேண்டும். பலரும் தவறுவது கறிவேப்பிலையில்தான். 'ஒரு கொத்துதானே' என்று துணிக்குள் சுருட்டி வைப்பார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் 'கிரீனிங்' நோயைப் பரப்பும் ஆசிய சில்லிடு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அந்த நோய் இந்தியத் தோப்புகளில் இருக்கிறது. ஐரோப்பியத் தோப்புகளில் இன்னும் நுழையவில்லை. நோய் கண்ட மரத்துக்கு மருந்து கிடையாது. இருபது சென்ட், நாற்பது சென்ட் ஆரஞ்சை நம்பி இருக்கும் குடும்பங்களின் ஊருக்குப் போகும்போது அந்தக் கொத்து பையில் இருக்கக் கூடாது. காயவைத்ததுதானே, பொடித்ததுதானே என்று சமாதானம் சொல்லாமல் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

*திரும்பும்போது:* இந்தியாவுக்குள்ளும் செடி, விதை, கிழங்கு எதையும் அனுமதியும் சான்றும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுக்கு 'நாரான்ஹா' என்று பெயர். அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் வழியாகப் போன அந்தச் சொல்லின் வேர் திராவிடம் என்றும், அது நாரத்தையின் உறவு என்றும் மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பெயரும் மரமும் கிழக்கிலிருந்து மேற்கே போய்ச் சேரப் பல நூற்றாண்டுகள் ஆயின. பூச்சியும் நோயும் போக ஒரு விமானப் பயணம் போதும்.